பெறாமக்கள் வரிசை

சுன்னாகம் சந்தைக்குப் பின்பக்கத்து ஒழுங்கையில் என் அச்சுக்கடை இருக்கிறது. கலியாண அழைப்பிதழ், கோயில் திருவிழாத் துண்டு எல்லாம் அடிப்பேன்தான். ஆனால் ஊரில் யாரையாவது வழி கேட்டால் "செத்தவீட்டு நோட்டீஸ் அடிக்கிற கடையோ?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவார்கள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. கலியாண அட்டையில் பிழை வந்தால் சிரித்துவிட்டுப் போவார்கள். செத்தவீட்டு நோட்டீஸில் ஒரு பெயர் வரி மாறி விழுந்தால் இரண்டு வீடுகளுக்கிடையே போக்குவரத்தே நின்றுவிடும்.

எங்கள் பக்கத்து நோட்டீஸில் இறந்தவரின் படத்துக்குக் கீழே உறவுகள் வரிசையாக வரும். மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், சகோதரர்கள், மைத்துனர்கள். இவற்றுக்கு நடுவே பெறாமக்கள் என்று ஒரு வரி. முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுவது இந்த வரியில்தான். இறந்தவர் ஆண் என்றால் அவருடைய அண்ணன் தம்பியின் பிள்ளைகள் பெறாமக்கள், அக்கா தங்கையின் பிள்ளைகள் மருமக்கள். இறந்தவர் பெண் என்றால் அப்படியே மாறும். அக்கா தங்கையின் பிள்ளைகள் பெறாமக்கள், அண்ணன் தம்பியின் பிள்ளைகள் மருமக்கள். இவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் பட்டியல்களில் எல்லாரும் மருமக்கள் என்ற ஒரே குவியலுக்குள் கிடப்பார்கள். அங்கே எல்லாருக்கும் ஒரே சொல்தானாம்.

நான் விடமாட்டேன். ஒவ்வொரு பெயராகக் கேட்டுப் பிரிப்பேன். "உது இப்ப முக்கியமோ?" என்று யாராவது முகம் சுளித்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். முக்கியம்தான். பெறாமகள் என்றால் உன் பிள்ளைக்குச் சகோதரம். மருமகள் என்றால் உன் பிள்ளைக்குக் கட்டக்கூடிய முறை. உடுப்பிட்டியில் ஒரு செத்தவீட்டுக்கு வேறு யாரோ அடித்த நோட்டீஸில், மருமகள் முறையான ஒரு பெண்ணைப் பெறாமக்களில் போட்டுவிட்டார்கள். அவளை அந்த வீட்டு மகனுக்கே பேசிக்கொண்டிருந்த நேரம். "சகோதரத்தையோ கட்டப் போறியள்?" என்று ஊர் பகிடி பண்ணத் தொடங்கியதில், இது அபசகுனம் என்று பெண்வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். இந்தக் கதையை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லித்தான் நான் பெயர் எடுத்தேன்.

போன மாரி தொடங்கிய சமயம் ஒரு பெண் கடைக்கு வந்தார். தகப்பன் இறந்துவிட்டார். கொண்டுவந்த தாளில் மக்கள் வரியில் நான்கு பெயர்கள் இருந்தன. நான் வழக்கம்போல ஒவ்வொன்றாக விசாரித்தேன். நான்காவது பெயர் தகப்பனுடைய அண்ணனின் மகள் என்று தெரிந்தது.

"அப்ப அவ பெறாமகள்" என்றேன்.

"ஓம், முறைக்கு அப்பிடித்தான். ஆனா கைக்குழந்தையிலையிருந்து எங்களோடை வளந்தவ. அப்பா எங்களை ஒருநாளும் பிரிச்சுப் பாக்கேல்லை."

"அன்பு வேறை தங்கச்சி, முறை வேறை. நோட்டீஸிலை முறைதான் வரும்."

அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, நீங்கள் சொல்லுற மாதிரியே போடுங்கோ" என்றார். நான் அந்த நான்காவது பெயரைக் கீழே இறக்கினேன். அச்சடித்த கட்டை வாங்கிக்கொண்டு அவர் என்னைப் பார்க்காமலே படியிறங்கிப் போனார்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நானும் அப்படி வளர்ந்தவன்தான்.

எனக்கு ஆறு வயதில், இடம்பெயர்ந்து போகிற வழியில் விழுந்த ஒரு ஷெல்லில் அப்பாவும் அம்மாவும் ஒன்றாகப் போய்விட்டார்கள். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவருக்கும் சின்னம்மாவுக்கும் அப்போதே இரண்டு பிள்ளைகள். இருவரும் எனக்கு மூத்தவர்கள், ஒரு அண்ணை, ஒரு அக்கா. மூன்றாவதாக நான் போய்ச் சேர்ந்தேன். சாப்பாட்டில் குறை வைக்கவில்லை, அடியிலும் குறை வைக்கவில்லை. அண்ணை பிறகு லண்டனுக்குப் போனார். அக்கா பண்டத்தரிப்பில் வாழ்க்கைப்பட்டாள். நான் கலியாணம் கட்டவில்லை. அந்த வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

ஆனால் அவர்களை நான் அப்பா, அம்மா என்று கூப்பிட்டதில்லை. வந்த புதிதில் ஒருநாள் காய்ச்சலோ என்னவோ, "அம்மா" என்று சின்னம்மாவின் சேலையைப் பிடித்தேன். அவர் என்னை மடியில் போட்டுக்கொண்டு, "அது உன்ரை அம்மான்ரை பேர் குஞ்சு. அதை நான் எடுக்கக்கூடாது" என்றார். பள்ளிக்கூடப் படிவங்களில் சித்தப்பா பாதுகாவலர் என்ற இடத்தில் கையெழுத்து வைத்தார். நாலைந்து வருடத்துக்கு முன் வீடுவளவை அண்ணைக்கும் அக்காவுக்கும் எழுதியபோது, நொத்தாரிசின் மேசையில் நான் சாட்சியாகக் கையெழுத்து வைத்தேன். உறுதிப் பத்திரத்தில் "எனது பிள்ளைகள் இருவருக்கும்" என்று இருந்தது. இந்தக் கடை நிற்கிற காணியை அதற்கு முன்பே சித்தப்பா என் பெயருக்கு மாற்றிவிட்டார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்த "இருவர்" மட்டும் முள்ளாக உள்ளே நின்றது. நான் அப்படிப்பட்டவன். கிடைத்ததை மறந்துவிடுவேன், கிடைக்காததைத் தடவிக்கொண்டே இருப்பேன்.

இந்த வருடம் பங்குனியில் ஒரு விடிகாலை, சித்தப்பா நித்திரையிலேயே போய்விட்டார்.

அண்ணை வந்து சேர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். காலை எட்டு மணிக்குள் அக்காவும் அத்தானும் வந்துவிட்டார்கள். அழுது ஓய்ந்ததும் அக்கா என்னைத் தனியே கூப்பிட்டாள். "நீ கடைக்குப் போ. நான் அண்ணையோடை கதைச்சுப் பேருகளை எழுதி போனுக்கு அனுப்புறன். பதினொரு மணிக்குள்ளை ஆட்டோ வெளிக்கிடோணும்" என்றாள். நோட்டீஸ் கொண்டுபோக இரண்டு ஆட்டோ பேசியிருந்தார்கள், ஒன்று பண்டத்தரிப்புப் பக்கம், மற்றது சின்னம்மா பிறந்த ஊரான உடுப்பிட்டிக்கு.

கடையைத் திறந்து தனியே உட்கார்ந்தேன். எத்தனையோ பேரின் சாவை அடித்த கை. அன்றைக்கு அவருடைய பெயரையே இரண்டு முறை பிழையாக அடித்து அழித்தது. சித்தப்பாவின் படத்தை ஏற்றி, பிறந்த இடம், வாழ்ந்த இடம் எல்லாம் அடித்து முடித்த நேரம் போன் ஒலித்தது. அக்கா கொப்பித் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள்.

மக்கள் என்ற வரியை முதலில் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே அதைத்தான் முதலில் பார்த்தேன். அண்ணையின் பெயர். அக்காவின் பெயர். அவ்வளவுதான். சரி, கீழே இருக்கும் என்று பெறாமக்கள் வரிக்குப் போனேன். சின்னம்மாவின் தங்கைக்கு மூன்று பிள்ளைகள், மூன்று பேரும் கனடாவில். அவர்களின் பெயர்கள் இருந்தன. மனைவியின் தங்கை பிள்ளைகள் கணவனுக்கும் பெறாமக்கள், அது சரிதான். என் பெயர் அதிலும் இல்லை. தாளைப் பெரிதாக்கி மேலிருந்து கீழ் வரை இரண்டு முறை பார்த்தேன். ஓரிடத்திலும் இல்லை.

மக்கள் வரியில் அக்காவின் பெயருக்குப் பிறகு தாளின் ஓரம் வரை வெறுமையாகக் கிடந்தது. எழுதிப் பழக்கமில்லாதவர்கள் இப்படித்தான் கண்டபடி இடம் விடுவார்கள். கைப்பழக்கத்தில் நான் அந்த வெறுமையை மூடி, இரண்டு பெயர்களையும் வரியின் நடுவுக்கு இழுத்தேன். பார்க்க வடிவாக இருந்தது.

பிறகு எழுந்து தண்ணீர் குடித்தேன். ஒரு சொல் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். "அக்கா, என்ரை பேர் எங்கை?" என்று ஒரே ஒரு சொல். கேட்கவில்லை. "பெறாமக்களிலை போடன்" என்று அவள் வாயால் வந்துவிட்டால் நான் என்ன செய்வேன் என்ற பயம். அந்தப் பயத்தைப் பயம் என்று ஒப்புக்கொள்ள மனமில்லாமல் கோபமாக மாற்றிக்கொண்டேன். முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக ஒரே சட்டியில் தின்றவன் நான், வெளிநாட்டில் இருக்கிற அண்ணைக்கு என் பெயர் ஞாபகம் வரவில்லையாக்கும் என்று முணுமுணுத்தேன்.

அத்தான் போன் எடுத்தார். "தம்பி, முடிஞ்சுதோ? ரெண்டு ஆட்டோவும் வந்து நிக்குது."

"இன்னும் கொஞ்சம், அத்தான்."

மக்கள் வரியில் மூன்றாவதாக என் பெயரை அடித்தேன். திரையில் அது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கதிரையில் சாய்ந்து பார்த்தபோது அந்தப் பெண்ணின் முகம் வந்தது. அன்பு வேறை தங்கச்சி, முறை வேறை. ஊருக்கெல்லாம் ஒரு அளவு, எனக்கு மட்டும் ஒரு அளவா? இதை அவர் கண்டால் என்ன நினைப்பார்? அதைவிட, அண்ணை கண்டால்? கேளாமல் தானாக ஏறி உட்கார்ந்துகொண்டான் என்று நினைத்துவிட்டால்? பெயரை அழித்தேன்.

அப்படியே விட்டுவிடலாம் என்றால், ஊர் கேட்கும். கடைசியில் கனடாக்காரர் மூவருக்கும் பிறகு, பெறாமக்கள் வரியில் நான்காவதாக என்னைப் போட்டேன். முறைப்படி சரி. ஒருவராலும் பிழை சொல்ல முடியாது. அத்தான் மறுபடியும் போன் எடுப்பதற்குள் அச்சடித்து, இரண்டு கட்டாகக் கட்டி ஆட்டோக்களில் ஏற்றிவிட்டேன்.

பின்னேரம் வீட்டுக்குப் போனபோது வாசற் படலையில் அந்த நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பந்தலுக்குள் இருந்த அயல்வீட்டுக்காரர் ஒருவர் அதை வாசித்துவிட்டு, "முறையைத் தெரிஞ்சு போட்டிருக்கிறாய். இந்தக் காலத்திலை ஆர் உப்பிடிப் போடுகினம்?" என்று மெச்சினார். எனக்கு அவருடைய சேர்ட்டைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

உள்ளே சித்தப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் சின்னம்மா. அவருக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்து நாளாகிவிட்டது. சுற்றியிருந்த பெண்களுக்குள் யாரோ நோட்டீஸ் வந்துவிட்டது என்று சொன்னதும், "எங்கை, ஒருக்கா வாசி பாப்பம்" என்று அக்காவிடம் சொன்னார்.

அக்கா வாசித்தாள். பிறந்த இடம் வாசித்தாள். அன்புக் கணவர் என்ற இடத்தில் குரல் கரகரத்தது. மக்கள் என்று தொடங்கி அண்ணையின் பெயரை வாசித்தாள், தன் பெயரை வாசித்தாள். நின்றாள். தாளைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, கதவடியில் நின்ற என்னைப் பார்த்தாள்.

"மற்றது?" என்றார் சின்னம்மா. "ஏன் நிப்பாட்டினனி? வாசி."

அக்கா தாளை மடியில் வைத்தாள்.

நான்தான் சொன்னேன். "நான் கீழை இருக்கிறன், சின்னம்மா."

"கீழை எங்கை?"

"பெறாமக்களிலை."

சின்னம்மாவின் முகம் என் குரல் வந்த பக்கம் திரும்பியது. "ஆர் போட்டது?"

"நான்தான்."

"உவனைக் கீழை போடச் சொல்லி ஆர் சொன்னது?" இது அக்காவிடம்.

"ஒருத்தரும் சொல்லேல்லை அம்மா." அக்காவுக்கு அழுகை வெடித்தது. என் பக்கம் திரும்பினாள். "நான் இடம் விட்டெல்லோ எழுதினனான். உன்ரை வீட்டுப் பேரைப் போடுறதோ, பதிவுப் பேரைப் போடுறதோ எண்டு எனக்குத் தெரியேல்லை. அண்ணைதான் சொன்னவர், அவன்தானே அடிக்கிறான், அவன் தன்ரை பேரைத் தான் விரும்பின மாதிரிப் போடட்டும், இடம் விடு எண்டு."

நான் இழுத்து மூடிய இடம் அது. "மாத்தி அடிக்கிறன் சின்னம்மா. இப்பவே போறன். ஒரு மணித்தியாலம் காணும்" என்றேன்.

"வேண்டாம்." குரலை உயர்த்தவில்லை. "ஊரெல்லாம் ஒட்டியாச்சு. அந்த மனுசனுக்கு ரெண்டு பிள்ளையள்தான் எண்டு ஊர் வாசிக்கட்டும்." அப்படிச் சொல்லிவிட்டுச் சித்தப்பாவின் பக்கம் திரும்பிக்கொண்டார். அதன் பிறகு என்னோடு கதைக்கவில்லை.

அண்ணை வந்தார். படலையிலேயே என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். படம் எடுத்து யாரோ அவருக்கு நோட்டீஸை அனுப்பியிருந்தார்கள். "ஏன்ரா?" என்று மட்டும் கேட்டார். இடைவெளி விட்ட தாளைக் கண்டும் எனக்கு விளங்கவில்லை என்று எப்படிச் சொல்வது? என் தொழிலே தாள் பார்ப்பதுதான்.

கிரியை தொடங்கியது. இறந்தவருக்குச் சாத்துகிற பொற்சுண்ணத்தைப் பிள்ளைகள் இடிக்கிற நேரம் வந்ததும் ஐயர் உரலுக்குப் பக்கத்தில் நின்று, "உரித்துள்ள பிள்ளையள் வாங்கோ" என்று கூப்பிட்டார். அண்ணை உலக்கையைப் பிடித்தபடி மற்றக் கையை என் பக்கம் நீட்டினார். பந்தலுக்குள் நின்ற அத்தனை கண்களும் என் மேல் இருந்தன. அவர்களில் பாதிப் பேரின் சட்டைப் பையில் நான் அடித்த நோட்டீஸ் மடித்து இருந்தது. ஓரடி முன்னால் வைத்திருந்தால் போதும். வைக்கவில்லை. வீம்போ வெட்கமோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பின்னால் நகர்ந்து பந்தல் காலைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்சநேரம் பார்த்துவிட்டு ஐயர் அத்தானைக் கூப்பிட்டார். என்னைத் தோளில் சுமந்து வந்த மனிதனுக்கான சுண்ணத்தை மருமகன் இடித்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதை இனி எந்த அச்சிலும் திருத்த முடியாது.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு முடியும்வரை சின்னம்மா எனக்குச் சோறு போட்டார், தேத்தண்ணி வைத்தார். கதை இல்லை. கோப்பையை மேசையில் வைக்கிற சத்தத்தில்தான் எனக்குச் சாப்பாட்டு நேரம் தெரியும். அடிப்பார், ஏசுவார் என்று காத்திருந்தேன். அதைத் தாங்கியிருப்பேன்.

எட்டுக்கு மறுநாள் மத்தியானம், அண்ணையும் அக்காவும் உறவுக்காரர் வீடுகளுக்குப் போயிருந்தார்கள். நான் கடைக்கு வெளிக்கிட்டபோது சின்னம்மா விறாந்தையிலிருந்து கூப்பிட்டார்.

"உன்ரை அந்தக் கொம்பியூட்டர் பெட்டி இருக்கெல்லோ, மடிக்கிறது. அதை எடுத்துக்கொண்டு வா."

எடுத்துவந்து அவருக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

"என்ரை நோட்டீஸை அடி" என்றார்.

"என்ன கதை சின்னம்மா இது?"

"அடி எண்டுறன். நீ அடிக்கிறதை நம்பி நான் சாக ஏலாது. இருக்கேக்கையே கேட்டுப்போட்டுத்தான் சாவன்."

நான் பெட்டியைத் திறந்தேன். அவர் தொடர்ந்தார். "தேப்பனுக்கு மூத்தவன் கொள்ளி வைக்கிறது. தாய்க்கு இளையவன் வைக்கிறது. எங்கடை வழக்கம் உனக்குத் தெரியாததோ? ஊருக்கெல்லாம் முறை சொல்லுறனி. அவருக்கு மூத்தவன் வைச்சிட்டான். எனக்கு இளையவன் ஆர்? சொல்லு பாப்பம்."

நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தேன்.

"அம்மா எண்டு கூப்பிட வேண்டாம் எண்டு சொன்னனான்தான். அந்தப் பேரை உன்ரை அம்மாவுக்கு விட்டுக்குடுத்தனான். பேரைத்தான் குடுத்தனான், உன்னைக் குடுக்கேல்லை. ஆறு வயசிலை வந்தவனுக்கு இது விளங்காட்டிப் பரவாயில்லை. நாப்பதைத் தாண்டினவனுக்குமோ?"

அழுதேன். அவர் தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. முடியும்வரை பொறுத்திருந்தார். அழுகைக்கு நடுவே, போன மாரியில் படியிறங்கிப் போன அந்தப் பெண்ணும் நினைவுக்கு வந்தார். அவருடைய விலாசம் கடைக் கொப்பியில் இருக்கிறது. இதை எழுதுகிற இன்றுவரை நான் அங்கே போகவில்லை. போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. இப்போது கடைக்கு வருகிறவர்களிடம் மருமக்களையும் பெறாமக்களையும் முன்போலவே பிரித்துக் கேட்கிறேன். ஆனால் மக்கள் வரியில் அவர்கள் எழுதிக் கொண்டுவருகிற பெயர் எதையும் தொடுவதில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அடிக்கத் தொடங்கினேன். உடுப்பிட்டியைப் பிறப்பிடமாகவும் என்று தொடங்கி, அன்பு மனைவியும் என்பது வரை வந்தேன். மக்கள். அண்ணையின் பெயர், அக்காவின் பெயர், என் பெயர்.

"வாசி" என்றார்.

வாசித்தேன்.

"திருப்பி வாசி."

மூன்று பெயரையும் திருப்பி வாசித்தேன். என் பெயரில் குரல் உடைந்தது. அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கையும் இடம் கிடம் விட்டிருக்கிறியோ?"

"இல்லை, சின்னம்மா."

"திகதிக்கு மட்டும் விடு" என்றார்.

விட்டேன்.